பேரப்பிள்ளைகளைக் காணும் உரிமை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





செயலாளர் அவர்கள் சற்று முன்னர் ஆண்டறிக்கையை வாசித்தார்கள். நடந்த நிகாஹ்கள், நிகழ்ந்த மௌத்துகள், மதரஸாவில் ஓதும் பிள்ளைகள், பள்ளிக்கு வந்த வரவு, ஆன செலவு யாவும் அதில் இருந்தன. பிரிந்துபோன தம்பதியரின் கணக்கும் ஒரு வரியில் இருந்தது. அத்தம்பதியரின் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. செயலாளரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. நமது பதிவேட்டில் இல்லாததை அவர் எவ்வாறு வாசிப்பார்? அப்பதிவேட்டை எழுதுவோரில் நாமும் ஒருவர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இப்பள்ளியின் அலுவலக அறையில் ஒரு பிரிவினைப் பேச்சு நடைபெற்றது. மாப்பிள்ளை நமது மலையைச் சேர்ந்தவர்; பெண் கீழே சேலம் பக்கத்தவர். லுஹருக்குப் பின் தொடங்கிய பேச்சு மஃரிபு பாங்கு வரை நீண்டது. நகை எத்தனை பவுன், மஹரில் பாக்கி எவ்வளவு, பீரோ யாருக்கு, கட்டில் யாருக்கு, அண்டாவும் குண்டானும் எந்த வண்டியில் போகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினோம். நான்கு வயதுக் குழந்தை ஒன்று, இவை எதுவும் அறியாமல், தன் மாமுவின் தோளில் உறங்கிக்கொண்டிருந்தது. குழந்தை தாயிடம் இருக்கும், தகப்பன் மாதந்தோறும் இவ்வளவு தொகை தர வேண்டும் என்று இரண்டு வரி எழுதினோம். இரு தரப்பும் கையொப்பமிட்டனர். கடிதத்தை உரத்து வாசித்தவர் நாமே. நல்லபடியாக முடித்து வைத்தோம் என்ற நிம்மதியுடன் அன்றிரவு உறங்கவும் செய்தோம்.

குழந்தையின் தாதா காப்பித் தோட்டமொன்றில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பையில் நமது மலைக் கமலாப் பழங்களை எடுத்துக்கொண்டு, வாழவந்தியிலிருந்து ஏற்காடு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிப் பேரப்பிள்ளையின் வீட்டு வாசலுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பதில் வந்தது. மறுமுறை போனார், அதே பதில். மூன்றாம் முறை போய்த் திரும்பியவர் நேரே நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், நீங்க எழுதின பேப்பரைத்தான் காட்டுறாங்க. தாதா பார்க்கலாம்னு இதுல எங்க எழுதியிருக்குன்னு கேக்குறாங்க” என்றார். நம்மிடம் விடை இல்லை. சபூர் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். இன்று நினைத்தால் அந்தச் சொல்லைச் சொன்னதற்கே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மழைக்காலத்தில் அவர் மௌத்தானார். ஜனாஸாத் தொழுகையை நாமே நடத்தினோம். பேரப்பிள்ளை வரவில்லை.

அன்பர்களே, அந்த வீட்டாரைக் கொடியவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களுடைய அச்சத்தையும் பின்னர் விசாரித்து அறிந்தோம். பையனை மலைக்கு அனுப்பினால் திருப்பி அனுப்ப மாட்டார்கள், அவன் காதில் தாயைப் பற்றி ஊதுவார்கள் என்று அஞ்சினார்கள். வீணான அச்சம் என்று அதனைத் தள்ள இயலாது. வேறொரு குடும்பத்தில், பெருநாளைக்கென்று அழைத்துச் சென்ற பிள்ளையை ஐந்து மாதம் வைத்துக்கொண்ட கதையும் நமக்குத் தெரியும். மகள் மௌத்தானபின் மருமகன் மறுமணம் செய்துகொண்டதால், மகள் வயிற்றுப் பேத்தியைக் காண முடியாமல் தவிக்கும் நன்னியும் நமது சுற்றத்தில் இருக்கிறார். ஆகவே இது தந்தை வழிக்கும் தாய் வழிக்கும் பொதுவான துன்பம். பிள்ளை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கதவைச் சாத்துகிறார்கள், அவ்வளவே.

இனி, மார்க்கம் என்ன கூறுகிறது என்று பார்ப்போம்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. ஹள்ரத் உமர் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரிப் பெண்மணி ஒருவர் மூலம் ஆஸிம் என்னும் மகன் பிறந்தார். பின்னர் அப்பெண்மணியை உமர் (ரலி) பிரிந்தார்கள். ஒருநாள் குபாவுக்கு வந்தபோது பள்ளிவாசல் முற்றத்தில் ஆஸிம் விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு, கையைப் பிடித்துத் தூக்கித் தமது வாகனத்தில் முன்னால் அமர்த்திக்கொண்டார்கள். பெற்ற தகப்பன், கண்டதும் மனம் தாங்கவில்லை. ஆனால் பிள்ளையின் நன்னி விடவில்லை. வழக்கு கலீஃபா அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களிடம் சென்றது. என் மகன் என்றார்கள் உமர்; என் பிள்ளை என்றார் அந்த மூதாட்டி. பாட்டிக்கும் பேரனுக்கும் குறுக்கே நிற்க வேண்டாம் என்று ஸித்தீக் (ரலி) தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) மறுபேச்சு ஒன்றும் பேசவில்லை என்று அறிவிப்பாளர் முடிக்கிறார்.

வீரத்திலும் செல்வாக்கிலும் உமரை மிஞ்சியவர் அன்று யார்? எதிரே நின்றவர் ஒரு மூதாட்டி. ஆயினும் உமர் வாய் திறக்கவில்லை. நமது பஞ்சாயத்துகளில் மாப்பிள்ளையின் சாச்சாவும் பெண்ணின் மாமுவும் போடும் சப்தத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நன்னியிடம் வளர்ந்த அந்த ஆஸிமின் மகள்தான், நீதிக்குப் பேர்பெற்ற கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் தாயார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வையே நோக்குவோம். தந்தை முகம் காணாத அவர்களுக்கு ஆறு வயதாகும்போது, தாயார் ஆமினா அவர்கள் மக்காவிலிருந்து யத்ரிபுக்கு அழைத்துச் சென்றார்கள். எதற்காக? பாட்டனார் அப்துல் முத்தலிபின் தாய்வழி உறவினரான பனூ நஜ்ஜார் குடும்பத்தாரைக் காண்பதற்காக. கணவர் இறந்துவிட்டார், தந்தை வழி உறவோடு இனி என்ன என்று அந்த இளம் விதவை எண்ணவில்லை. கணவருடைய பாட்டியின் வீட்டாரைக் காட்டுவதற்காகப் பாலைவனத்தில் பல நாள் பயணம் செய்தார்கள். திரும்பும் வழியில் அப்வாவில் மௌத்தானார்கள். பிற்காலத்தில் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது, சிறுவயதில் தங்கிய அந்த வீட்டையும், அங்குள்ள குளத்தில் நீந்தியதையும் நாயகம் (ஸல்) அவர்கள் நினைவு கூர்ந்ததாக இப்னு ஸஅத் தமது நூலில் பதிவு செய்துள்ளார். தங்கியது ஒரு மாத காலம். நினைவு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

உம்ரத்துல் களாவை முடித்துக்கொண்டு நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் சிறுமி பின்னால் ஓடிவந்ததையும், அலீ, ஜஃபர், ஸைத் (ரலி) மூவரும் அவளை வளர்க்கும் உரிமை கோரியதையும் புகாரியில் காண்கிறோம். ஜஃபரின் மனைவி அச்சிறுமியின் தாயாருடன் பிறந்தவர். ஆகவே, தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவள் என்ற கருத்தில் அவரிடமே சிறுமி ஒப்படைக்கப்பட்டாள். மற்ற இருவரும் அவளுக்கு அந்நியராகிவிடவில்லை. ஒவ்வொருவர் மனமும் குளிரும்படி ஒவ்வொரு நல்வார்த்தை கூறியே நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். தீர்ப்பில் தோற்றவர்களிடம் எவ்வாறு பேசுவது என்பதும் அதில் பாடமாக இருக்கிறது.

பிக்ஹு நூல்களில் குழந்தை வளர்ப்பு உரிமையை ஹளானத் என்பார்கள். ஹனஃபி மத்ஹபில் தாய்க்கு அடுத்து நன்னி, அவருக்கு அடுத்து தாதி என்று வரிசை போகிறது. ஆண் பிள்ளைக்கு ஏழு வயது வரை தாயின் பொறுப்பு என்பது ஹனஃபிகளின் பிரபலமான சொல். ஷாஃபி மத்ஹபில் விவரம் அறியும் வயது வந்த பிள்ளை தானே தேர்ந்துகொள்ளலாம். இவை நீங்கள் கேட்டறிந்தவையே. ஆனால் ஹிதாயாவில் கணவன் மனைவி பாடத்தில் ஒரு சட்டம் உண்டு. மகளைக் காண வாரம் ஒருமுறை அவளுடைய பெற்றோர் வருவதைக் கணவன் தடுக்கலாகாது. மற்ற மஹ்ரமான உறவினர் ஆண்டுக்கொரு முறை வருவதையும் தடுக்கலாகாது. கதவு அவன் கதவு, வீடு அவன் வீடு. ஆயினும் இரத்த உறவு காண வந்தால் முழுவதும் அடைத்துவிட அவனுக்கு அதிகாரமில்லை என்பது இதன் கருத்து. வளர்ந்த பெண்ணுக்கே இப்படியென்றால் கையில் பழப்பையோடு நிற்கும் தாதாவுக்கு என்ன சொல்வோம்? ஒட்டகத்தில் பயணம் செய்த காலத்துக்கு ஆண்டுக்கொரு முறை. நமக்குச் சேலம் ஒன்றரை மணி நேரப் பயணம்.

பிள்ளையை வைத்துத் தாய்க்கும் துன்பம் தரலாகாது, தந்தைக்கும் துன்பம் தரலாகாது என்று சூரத்துல் பகராவின் 233ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். பால்குடி பற்றிய வசனம் அது. பால் மறந்த பிள்ளையையும் துன்பத்துக்குக் கருவியாக்கலாம் என்று யாரும் வாதிட மாட்டார்கள் என நம்புகிறோம்.

அடுத்து நாட்டின் சட்டம். இதனை ஜமாஅத்தார் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். நாம் எழுதும் கடிதம் நீதிமன்றத் தீர்ப்பு அன்று. மார்க்கத் தீர்ப்புகளுக்குச் சட்டப்படி கட்டாயப்படுத்தும் வலிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு கூறியது. பள்ளிவாசல்களில் நீதிமன்றம் போன்ற அமைப்புகள் இயங்கலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. நமது பணி சமாதானம் செய்வது. இணக்கத்தை எழுத்தில் வைப்பது. அதற்கு மேல் போகலாகாது. அதற்குக் குறைவாகவும் செய்யலாகாது.

குழந்தைப் பொறுப்பு வழக்குகள் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டப்படி நடைபெறுகின்றன. அதன் 8ஆம் பிரிவின்படி, குழந்தையின் உறவினர் எவரும் காப்பாளர் நியமனத்துக்கு மனுச் செய்யலாம். ஆகவே தாதாவுக்கும் நன்னிக்கும் நீதிமன்ற வாசல் திறந்தே இருக்கிறது. 17ஆம் பிரிவின்படி குழந்தையின் நலனே முதன்மை. விவரமறிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்று எந்த மூதாட்டியும் கண்ணீரோடு வீட்டில் அமர வேண்டியதில்லை.

பெங்களூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அக்குடும்பத்தாரின் பெயர்கள் தீர்ப்பேட்டில் உள்ளன. நாம் சொல்ல வேண்டுவதில்லை. தாய் 2007இல் இறந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். மகளும் மகனும் தாய்வழிப் பாட்டனார், சின்னம்மாமார் வசம் இருந்தார்கள். தந்தையே இயற்கைக் காப்பாளர் என்பது ஷரீஅத் என்று வாதம் வந்தது. காப்பாளர் என்பது வேறு, குழந்தை யாரிடம் வளர்வது என்பது வேறு என்று 2010 ஜனவரியில் நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. காப்பாளர் வழக்கு முடியும் வரை பிள்ளைகள் தாய்வழியினரிடமே இருக்கலாம், தந்தை வந்து பார்க்கலாம் என்பது முடிவு. ஹளானத், விலாயத் என்று மதரஸாவில் நாம் இரு பாடங்களாக ஓதியதும் இதுவே.

கொரோனாவில் 2021ஆம் ஆண்டு தாயையும் தந்தையையும் இழந்த குஜராத்துச் சிறுவன் ஒருவனைத் தந்தைவழிப் பாட்டனார் பாட்டியிடம் ஒப்படைத்து 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயதாகிவிட்டது, வருமானம் குறைவு என்பன அவர்களை விலக்கப் போதுமான காரணங்கள் ஆகா என்று கூறப்பட்டது. இதற்கு முன்பே, 2015இல் வெளியான சட்ட ஆணையத்தின் 257ஆவது அறிக்கை, பெற்றோர் பிரிந்த குடும்பங்களில் பாட்டன் பாட்டியுடன் குழந்தை செலவிடும் நேரத்தையும் வகுத்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தது. நேரில் சந்திக்க இயலாத நாட்களில் தொலைபேசி, வீடியோ அழைப்பு மூலம் தொடர்பு வைக்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியதும் நமக்குப் பயன்படும்.

உலகில் எல்லா நாடும் ஒன்றுபோல் இல்லை. பிரான்சு நாட்டின் உரிமையியல் சட்டம், மூதாதையரோடு உறவு வைத்துக்கொள்ளும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. இங்கிலாந்தில் பாட்டன் பாட்டி மனுச் செய்வதற்கே பொதுவாக முதலில் நீதிமன்ற அனுமதி வேண்டும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு, தகப்பன் இறந்தபின் அவருடைய பெற்றோர் கேட்ட அளவுக்குப் பிள்ளைகளை அனுப்பாத தாயின் பக்கமே உச்ச நீதிமன்றம் நின்றது. தகுதியுள்ள தாயின் முடிவுக்கு மதிப்பு வேண்டும் என்பது அதன் காரணம். அக்காரணத்தையும் நாம் புறக்கணிக்கவில்லை. தாயையோ தகப்பனையோ தாண்டிப் பெரியவர்கள் ஆட்சி செய்வதற்கு இது வழியாகிவிடக் கூடாது.

ஆதலால் பெரியோர்களிடம் ஒரு வார்த்தை. பேரப்பிள்ளை வந்ததும் மடியில் வைத்துக்கொண்டு, உன் அம்மா யாரோடு போனில் பேசுகிறாள், உன் அத்தா வேறு பெண் பார்க்கிறாரா, அங்கே உனக்குச் சோறு போடுகிறார்களா என்று விசாரணை நடத்தாதீர்கள். பிள்ளை அன்று மாலையே வீட்டில் சொல்லும். மறுமாதம் கதவு சாத்தப்படும். பொன் சங்கிலி போட்டு அனுப்பினால் பாசம் கூடும் என்றும் எண்ண வேண்டாம். அச்சங்கிலி மறுபக்கத்தில் எத்தகைய பேச்சைக் கிளப்புகிறது என்பதைப் பஞ்சாயத்தில் அமர்ந்தவர்கள் அறிவார்கள். கதை சொல்லுங்கள், தோட்டத்துக்கு அழைத்துப் போய் மிளகுக் கொடியைக் காட்டுங்கள், சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். சொன்ன நேரத்துக்கு விடுவதே அடுத்த மாதத்துக்கான உத்தரவாதம்.

சென்ற ரமளானுக்குப் பின், நாம் இரு பெரியவர்களோடு அந்தச் சேலத்து வீட்டுக்குப் போனோம். தவறு எங்களுடையது, அன்று எழுதியிருக்க வேண்டும் என்று சொன்னோம். குழந்தையின் தாயார் கதவுக்குப் பின்னிருந்து பதில் சொன்னார்: “நீங்க அன்னைக்கே எழுதியிருந்தா நான் அனுப்பியிருப்பேன் ஹஜ்ரத். எழுதாததால எங்க அண்ணமாரை மீறி என்னால ஒண்ணும் சொல்ல முடியல.” பிள்ளை மீது கோபமும் இல்லை, தாதி மீது பகையும் இல்லை. ஒரு வரி எழுதாத குறை. இப்போது மாதம் ஒரு ஞாயிறு அச்சிறுவன் மலைக்கு வருகிறான். தாதி இருக்கிறார். தாதா இல்லை.

எனவே நிர்வாகக் குழுவின் ஒப்புதலுடன் ஒரு வரைவு தயாரித்திருக்கிறோம். இனி நமது மஹல்லாவில் எழுதப்படும் எந்த இணக்கக் கடிதத்திலும், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், உடன் வாழாத பெற்றவரும், இரு பக்கத்துப் பாட்டன் பாட்டிமாரும் பிள்ளையைக் காணும் நாள், நேரம், இடம் எழுதப்பட வேண்டும். பஸ் செலவு யாருடையது, அழைத்து வருபவர் யார், திருப்பி விடும் நேரம் எது என்பதும் வேண்டும். இரு பெருநாட்களில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. வாரம் ஒருமுறை தொலைபேசி. சந்திப்பு இடமாகப் பள்ளி அலுவலக அறையை எழுத வேண்டாம். பெற்றோர் சண்டையிட்ட மேசையைப் பிள்ளை மறுபடி காண வேண்டியதில்லை. மதரஸா உஸ்தாதின் வீடோ, இரு தரப்பும் நம்பும் ஓர் உறவினர் வீடோ போதும். பிள்ளைச் செலவுக்குப் பணம் வரவில்லை என்று சந்திப்பை நிறுத்தக் கூடாது. சந்திக்க விடவில்லை என்று பணத்தையும் நிறுத்தக் கூடாது. அடி, குடி, பிள்ளைக்கு ஆபத்து என்ற நியாயமான புகார் இருந்தால் இவ்விதி பொருந்தாது. அதை நாம் பஞ்சாயத்தில் பேசி மூடாமல் சட்டத்தின் வழிக்கே அனுப்ப வேண்டும். கடிதத்தை வழக்கறிஞர் ஒருவர் பார்த்தபின்னரே கையொப்பம். வேண்டுவோர் குடும்ப நீதிமன்றத்தில் அதனைப் பதிவு செய்துகொள்ளலாம்.

ஏற்கெனவே எழுதி முடித்த கடிதங்கள் சில நமது பெட்டியில் உள்ளன. அவற்றில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களை நாமும் முத்தவல்லி அவர்களும் காப்பிப்பழம் எடுக்கும் காலம் தொடங்குமுன் நேரில் காண இருக்கிறோம். வரைவின் பிரதிகள் அலுவலகத்தில் உள்ளன. அஸருக்குப் பின் வந்து பெற்றுக்கொள்ளலாம். ஆட்சேபணை இருப்போர், தாய்மார்கள் உட்பட, அடுத்த ஜும்ஆவுக்குள் எழுத்தாகவோ வாய்மொழியாகவோ தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.